பூச்சிக்குப் போட்ட பூச்சியம்: அறிவியல் பாடம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், பாடநூல் எழுதுகிறவர்களுக்கும், வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்கிற சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பல ஆண்டுகள் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு முகமில்லை.

பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி பாடம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு படம், சுற்றிவர அம்புக்குறி. உங்களுக்குத் தெரியாத படமா? ஆளுக்கொரு புழுவையோ கூட்டுப்புழுவையோ புட்டியில் வைத்து, நாள்தோறும் குறிப்பெழுதி, பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் படம் வரைந்து கொடுக்க வேண்டும். பத்து மதிப்பெண். எல்லோரும் படத்தோடு வந்தார்கள், ஒரு பையனைத் தவிர. அவனுடைய கூட்டுப்புழுவின் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை. புட்டிக்குள் இருபது முப்பது பொடிப்பூச்சிகள் பச்சை மினுக்கத்தோடு ஊர்ந்துகொண்டிருந்தன.

"சார், பட்டாம்பூச்சிக்குப் பதிலா இதுங்க வந்துச்சு" என்றான்.

"மூடியைச் சரியா மூடியிருக்க மாட்ட. எங்கேயிருந்தோ வந்து பூந்திருக்கு. சோதனை கெட்டுப்போச்சு" என்றேன். குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு ஒரு பூச்சியம் போட்டேன்.

புரட்டும்போது அவன் எழுதியிருந்ததைப் படிக்கவும் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஏறக்குறைய இப்படி எழுதியிருந்தான்: 'புழு செடியில் தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் ஒரு சின்னப் பூச்சி உட்கார்ந்திருந்தது. ஊதினேன், போகவில்லை. சாயங்காலமும் அங்கேயே இருந்தது. மறுநாள்தான் கூட்டுப்புழுவைப் புட்டிக்கு மாற்றினேன்.'

அந்தப் பூச்சி என்னவென்று எனக்குத் தெரியவந்தபோது அவன் பள்ளியை விட்டே போய்விட்டான். அது ஒட்டுண்ணிக் குளவிகளில் ஒரு வகை. கூட்டுப்புழுவாக மாறப்போகிற புழுவைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்திலேயே காத்துக் கிடக்கும். புழு கடைசித் தோலை உரித்ததும் உள்ளிருந்து வருகிற கூட்டுப்புழுவின் மேலோடு கொஞ்ச நேரத்துக்குப் பச்சைப்பிள்ளை நகம் மாதிரி மெத்தென்று இருக்கும். இறுகிவிட்டால் துளைப்பது கடினம். அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருப்பு. மெத்தென்றிருக்கும்போதே ஊசி போன்ற உறுப்பை இறக்கி உள்ளே முட்டைகளை இட்டுவிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று, வளர்ந்து, ஒரே ஓட்டை வழியாக வரிசையாக வெளியே வரும். பையன் காத்திருப்பையும் பார்த்திருந்தான், ஓட்டையையும் பார்த்திருந்தான். ஊதிக்கூடப் பார்த்திருந்தான். அந்த வருடம் என் வகுப்பில் நடந்த ஒரே உண்மையான அறிவியல் அதுதான். பூச்சியைப் பார்த்தவனுக்கு நான் போட்டது பூச்சியம்.

உங்கள் படத்தில் குளவிக்கு இடமில்லை. அதனால் என் தலையிலும் இடமில்லாமல் போனது. பழியை உங்கள் மேல் மொத்தமாகத் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அச்சடித்த வட்டத்தை நம்பி, எதிரே உயிரோடு ஊர்ந்ததை நம்பாமல் போனவன் நான்.

குளவி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று நம் மொழியில் ஒரு பேச்சு உண்டு. மாணவன் புழு, ஆசிரியர் குளவி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் தேறிவிடுவான் என்று நாமே மேடையில் பேசியிருப்போம். நடப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உவமையை எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குளவி பச்சைப்புழுவைக் கொட்டுவது அதை அசையாமல் செய்வதற்கு. புழு சாவதில்லை, செத்தால் அழுகிவிடும். மண்கூட்டுக்குள் புழுக்களை அடுக்கி, தன் முட்டையையும் அங்கேயே விட்டு, வாயைப் பூசிவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வருகிற குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்கிறது. ஆக, மாணவன் தேறுவதில்லை, தீர்ந்துபோகிறான்.

ஆனாலும் அந்தப் பேச்சை முதலில் சொன்னவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. புழு உள்ளே போனதை அவர் பார்த்திருக்கிறார். கூட்டின் வாயில் ரீங்காரம் எழுவதைக் கேட்டிருக்கிறார். பல நாள் கழித்து அதே கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறார். மூன்றும் சரி. அந்த ரீங்காரம் புழுவுக்குச் சொல்லும் மந்திரமாக அவருக்குப் பட்டது. ஈரமண்ணைப் பூசும்போது குளவி தன் பறக்கும் தசைகளை அதிரவிடுகிறது, அந்த அதிர்வில் மண் இளகிப் படிகிறது. கொத்தனார் கரண்டியால் தட்டித் தட்டிப் பூசுகிற மாதிரி. ஒரே ஒரு கூட்டை நடுவில் திறந்து பார்த்திருந்தால் அந்தப் பேச்சே பிறந்திருக்காது. கண்ணில் குறையில்லை, இன்னொரு தடவை பார்க்காததுதான் குறை.

இன்னொரு தடவை பார்ப்பதற்குப் பேர்போனவர் பிரான்ஸ் நாட்டு ஷான் ஆன்றி ஃபாபர் (1823–1915). அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். வெட்டுக்கிளி இனத்துச் சிள்வண்டு ஒன்றை வேட்டையாடி வரும் மண்குழிக் குளவி, இரையை வளைவாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு நோட்டம் விட்டு, திரும்பி வந்து இரையை இழுத்துப் போகும். குளவி உள்ளே போன நேரத்தில் ஃபாபர் இரையைச் சற்றே நகர்த்தி வைத்தார். வெளியே வந்த குளவி இரையை மறுபடி வாசலுக்கு இழுத்து வந்து, மறுபடி உள்ளே நோட்டம் விடப் போனது. மறுபடி நகர்த்தினார். மறுபடி அதே. நாற்பது தடவை! பூச்சி ஒரு பொறிதான், மூளை கிடையாது என்பதற்கு இந்தக் கதையைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பின்பாதியை விட்டுவிடுவார்கள். அவரே வேறோர் இடத்துக் குளவிகளிடம் அதைச் செய்து பார்த்தபோது, இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவை நோட்டம் விடுவதை நிறுத்திவிட்டு இரையை நேராக உள்ளே இழுத்துப் போய்விட்டன. அதையும் அவரே எழுதி வைத்தார். முதல் நாற்பதோடு எழுந்து போயிருந்தால் அவருக்கு நல்ல, உருண்டையான ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

இப்போது குழியானைக்கு வருகிறேன். உங்கள் புத்தகத்தில் அது இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும். மழை படாத சுவரோரம், பொடிமண் எங்கே இருந்தாலும் புனல் வடிவக் குழிகள் தெரியும். அடியில் மண்ணுக்குள் புதைந்து தாடைகளை மட்டும் விரித்துக் கிடப்பதுதான் குழியானை. பின்பக்கமாகவே நகரும். சுழன்று சுழன்று பின்னேறி, தலையால் மண்ணை வீசி வீசிக் குழியைத் தோண்டும். குழியின் சரிவு, இன்னும் கொஞ்சம் செங்குத்தானால் மண் தானே சரியும் என்கிற எல்லையில் நிற்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தால் போதும்.

ஒருநாள் பிள்ளைகளை அந்தக் குழிகளைச் சுற்றிக் குந்த வைத்தேன். தவறி விழுந்த எறும்பொன்று சரிவில் ஏறியது. மணல் நழுவியது. முக்கால்வாசி ஏறிவிட்டது. அப்போது அடியிலிருந்து ஒரு கொத்து மண் பறந்து வந்து விழுந்தது. எறும்பைக் குறி வைத்தா எறிந்தது, இல்லை சும்மா எறிந்ததில் சரிவு குலைந்ததா என்று பிள்ளைகளுக்குள் சண்டை. எறும்பு இரண்டு தடவை சறுக்கி, மூன்றாம் தடவை தப்பித்துவிட்டது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் குழியானைக்காக வருத்தப்பட்டார்கள். ஒரு பெண் குழியானையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். செத்தது மாதிரி கிடந்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் இல்லை என்று நினைத்ததோ என்னவோ, பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு பையன் கேட்டான்: "சார், இது எப்பவும் குழிக்குள்ளேயே இருந்தா எங்கே கக்கா போகும்?"

ஒரே சிரிப்பு. நான் முறைத்தேன். வாயை மூடு என்றும் சொல்லியிருப்பேன், நல்லவேளையாக அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை என்பது சட்டென்று உறைத்தது. "தெரியலை. பார்த்துச் சொல்றேன்" என்றேன். வகுப்பில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதில் என்ன தெரியுமா? அது போவதே இல்லை. குழியானையின் நடுக்குடல் பின்பக்கம் அடைபட்டிருக்கிறது. இரையின் சாறை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் குழிக்கு வெளியே எறிந்துவிடுவதால் மிச்சம் குறைவு. அந்த மிச்சத்தையும் புழுப்பருவம் முழுக்க வயிற்றிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. குடலின் பின்பகுதிக்கு வேறு வேலை இருக்கிறது: பட்டிழை விடுவது. அந்த இழையால் மணலைக் கோத்து உருண்டையான கூடு கட்டி, அதற்குள் உருமாறி, தட்டான் மாதிரி மெல்லிய நான்கு சிறகோடு வெளியே வந்த பிறகுதான் அவ்வளவு நாள் சேர்த்ததை ஒரேயடியாகக் கழிக்கிறது. மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. கேட்ட பையன் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

புத்தகத்தில் 'வியந்து பார்' என்று மஞ்சள் கட்டம் போட்டுப் பார்த்திருக்கிறேன். வியப்பு அப்படி உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வராது. குந்திக்கொண்டு கால் மரத்துப்போகும் வரை பார்த்தால், எதிர்பாராத ஒன்று நடந்தால், அதைச் சிரிக்காமல் யாராவது கேட்டுக்கொண்டால் வரும். கட்டத்துக்குள் எழுதியிருப்பதை மனப்பாடம் செய்ய வைத்து நாமே அதைக் கொன்றிருக்கிறோம்.

நீதி சொல்வதும் இப்படித்தான். எறும்பைப் பார், சுறுசுறுப்பைக் கற்றுக்கொள். தேனீயைப் பார், ஒற்றுமையைக் கற்றுக்கொள். பார்க்கும் முன்பே பார்த்ததன் முடிவைச் சொல்லிவிட்டால் பிள்ளை எதற்குப் பார்க்க வேண்டும்? போதாததற்கு நீதியே ஆட்டம் கண்டுவிட்டது. சில எறும்பினங்களின் கூடுகளில் ஒவ்வோர் எறும்பின் மேலும் வண்ணப் புள்ளி வைத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். எந்த நேரம் பார்த்தாலும் வேலைக்கார எறும்புகளில் பெரும்பங்கு சும்மாவே இருந்தன. எறும்பு வரிசையில் ஓடுவது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது, வீட்டில் படுத்திருப்பது படுவதில்லை. சோம்பேறி என்று திட்டு வாங்குகிற பிள்ளைகளுக்கு இதை நான் மறக்காமல் சொல்வேன்.

அந்த வரிசையையே வைத்து ஒரு பாடம் நடத்தலாம், செலவு ஒரு விரல்தான். சுவரில் எறும்புச் சாரை போகும் வழியில் ஓரிடத்தில் விரலால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வரும் எறும்பு துடைத்த இடத்தின் ஓரத்தில் சுவரில் மோதியது மாதிரி நிற்கும். உணர்கொம்புகள் இரண்டும் தரையைத் தட்டித் தடவும். பக்கவாட்டில் நகரும், திரும்பும், வந்த வழியே கொஞ்சம் போகும். பின்னால் வருவது அதோடு முட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கூட்டம் சேரும். அப்புறம் ஏதோ ஒன்று, ஏன் அதுவென்று கேட்காதீர்கள், தட்டுத்தடுமாறிக் கடந்து போகும். இன்னொன்று. சில நிமிடத்தில் துடைத்த சுவடே தெரியாமல் சாரை மறுபடி ஓடும். நாம் துடைத்தது அவை தரையில் தடவிப் போன வாசனையை என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் எத்தனை எறும்பு திரும்பின, எத்தனையாவது கடந்தது என்று எண்ணட்டும். என் வகுப்பில் ஒருத்தி வேறு மாதிரி யோசித்தாள்: துடைக்காமல், சாரைக்குக் குறுக்கே ஒரு தாளை வைத்து, அதன் மேலே வழி பழகிய பிறகு தாளைத் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்று. செய்து பார்த்தோம். என்ன ஆனது என்று இங்கே எழுதப்போவதில்லை.

நேரம் எங்கே, ஆய்வகம் எங்கே என்று கேட்பீர்கள். சார்லஸ் ஹென்றி டர்னர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். 1867-ல் பிறந்த கறுப்பின அமெரிக்கர், 1907-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழக ஆய்வுப் பணி எதுவும் அமையாமல், 1908 முதல் செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். பள்ளி வேலை போக மிஞ்சிய நேரத்தில், பூங்காவில், நிற வட்டுகளில் தேன் வைத்துத் தேனீக்கள் அவற்றைத் தேடி வரப் பழகுவதைக் காட்டி 1910-ல் வெளியிட்டார். எறும்பு, குளவி, கரப்பான், அந்துப்பூச்சி என்று வாழ்நாளில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 70-க்கு மேல். சில ஆண்டுகளில் ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் நீல அட்டையைப் பல சாம்பல் அட்டைகளுக்கு நடுவே வைத்து, தேனீ பார்ப்பது வெளிச்ச வேறுபாட்டை அல்ல, நிறத்தையே என்று காட்டினார். பின்னாளில், இரை இருக்கும் இடத்தைச் சக தேனீக்களுக்குச் சொல்ல தேனீ ஆடும் நடனத்தின் பொருளைக் கண்டறிந்தவரும் அவர்தான், 1973-ல் நோபல் பரிசும் வந்தது. டர்னரின் பெயர் நம் பாடநூல்களில் வருவதேயில்லை. அடுத்த பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கினால் அதைப் படிக்கிற ஆசிரியர்களுக்காவது நல்லது.

கொட்டிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு வரி. கூட்டமாகக் கூடு கட்டும் குளவி, தேனீ, கடிக்கிற முசுறு இவற்றின் பக்கம் பிள்ளைகளை விடக்கூடாது, அது சரி. தனியாக மண்கூடு கட்டும் குளவிக்குத் தன் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, கையால் பிடிக்காதவரை நம்மைக் கண்டுகொள்ளாது.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். 'பத்துப் பூச்சிகளைப் பிடித்து அட்டையில் குத்தி, பெயர் எழுதி வா' என்கிற செயல்திட்டத்தை எடுத்துவிடுங்கள். அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்திய பூச்சிகள் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் ஏறத்தாழ 10 லட்சம், அந்த வேலை அட்டையும் ஊசியும் இல்லாமல் நடக்காது. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது கற்றுக்கொடுப்பது பிடிப்பதையும் கொல்வதையும்தான். செத்த பூச்சி எதையும் செய்வதில்லை. அதற்குப் பதில் வாரத்தில் இருபது நிமிடம், உயிருள்ள ஒரே ஒரு பூச்சி, ஒரு தாள், ஒரு பென்சில். பெயர் தெரிய வேண்டியதில்லை. பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், நான் என்னிடமே கண்ட பழக்கம் இது. தாளில் இரண்டே பகுதி: என்ன செய்தது, எது எனக்குப் புரியவில்லை. இரண்டாம் பகுதி காலியாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மதிப்பெண் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் வைத்தால் பட்டாம்பூச்சி வராதவன் அடுத்த தடவை பக்கத்துப் பையனின் பட்டாம்பூச்சியைப் பார்த்து வரைந்துவிடுவான். அப்படி வரைந்த படங்களுக்கும் நான் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன் என்று இப்போது சந்தேகம்.

ஆசிரியர் கையேட்டில், முடிந்தால், ஒரு வரி சேருங்கள்: 'இந்த வகுப்பில் ஆசிரியர் தெரியாது என்று சொல்லலாம்.' அச்சில் இருந்தால்தான் எங்களில் பாதிப் பேருக்குத் துணிச்சல் வரும்.

இதை எழுதும் மேசைக்கு எதிரே, சன்னல் சட்டத்தில், ஒரு மண்கூடு இருக்கிறது. தாய்க்குளவி வாயைப் பூசி மூடியது இருபத்து மூன்று நாளுக்கு முன்பு. ஒவ்வொரு நாளும் காலையில் லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். நேற்று மாலை அதன் ஓரத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. குளவி வெளியே வருகிற ஓட்டை பட்டாணி பருமன் இருக்க வேண்டும். இது ஊசிமுனை அளவுதான் இருக்கிறது. வருவது குளவியா, குளவிக்குள் முட்டையிட்ட வேறொன்றா, தெரியவில்லை. கண்ணாடிக் குவளை ஒன்றை அதன் மேல் கவிழ்த்து ஒட்டி வைத்திருக்கிறேன். மூடியைச் சரியாக மூடவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்